மாருதி ஜென்: இன்டேக் மேனிபோல்டை வீட்டுலயே கழத்தி மாட்டலாமா?

குளச்சல்_ஜென்
எல்லாருக்கும் வணக்கம். 2002 ஜென், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இஞ்செக்டர் பெட்ரோல் பீய்ச்சுற வகை), டிஎன் 74 வண்டி. அப்பா வாங்கினது, இப்ப எனக்க கையில. காலையில ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரம் மிஸ்ஸிங் அடிக்கும், சைலன்ஸர்ல வெள்ளைப் புகை வரும், ஐடிலிங் ஏறி ஏறி இறங்கும். ரோட்டுல ஏறிட்டா ஒரு குறையும் இல்ல, நாகர்கோவில் போய் வந்தாலும் புல்லிங் நல்லாத்தான் இருக்கு. ஆனா கூலண்ட் பைய பைய குறையுது. தரையில ஒரு சொட்டு விழுந்த அடையாளம் கிடையாது.

ஒரு ஓர்க்‌ஷாப்புல காட்டினேன். பானட்டைத் தூக்கிப் பாத்துட்டு, "ஹெட் கேஸ்கெட் போச்சு, இஞ்சின் வேலை"ன்னு முடிச்சுட்டாரு (கேஸ்கெட்னா ரெண்டு பாகம் சேருற இடத்துல கசியாம இருக்க வைக்கிற தகடு). அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய ஜென்னே வாங்கிரலாம். பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் பாத்துட்டு, இது இன்டேக் மேனிபோல்டு (சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சுக் கொண்டு போற குழாய்த் தொகுதி) கேஸ்கெட்டா இருக்கும்ங்காரு. பிரேக் ஷூ, ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர் பெல்ட்டு எல்லாம் வீட்டுல வச்சு மாத்தின பழக்கம் உண்டு. மேனிபோல்டை மட்டும் தொட்டதில்ல. வீட்டுல வச்சுச் செய்யலாமா? எதுல மாட்டிக்கிடுவோம்?

நாஞ்சில்_ஸ்பேனர்
செய்யலாம். ஆனா ஸ்பேனரை எடுக்கதுக்கு முன்ன கேஸ்கெட்தான்னு உறுதி பண்ணுங்க. கழத்தி மாட்டின பிறகும் அதே புகை வந்தா கேஸ்கெட் காசும் போச்சு, ஞாயித்துக்கிழமையும் போச்சு.

முதல்ல, இஞ்சின் நல்லா ஆறி இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. தொடர்ந்து குமிழி குமிழியா வந்துட்டே இருந்தா அது ஹெட் கேஸ்கெட் பக்கம்தான், ஓர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி. குமிழி இல்லன்னா, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழத்தி வரிசையா வையுங்க. கூலண்ட் குடிக்கிற சிலிண்டருக்க பிளக் மட்டும் கழுவி வச்சது மாதிரி சுத்தமா இருக்கும். பிளக் கழண்டு கிடக்கும்போதே கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம்) பாத்துருங்க. நாலும் கிட்டக்கிட்ட வந்தா ஹெட்டை விட்டுரலாம்.

மார்த்தாண்டம்75
இதுக்கெல்லாம் இவ்வளவு எதுக்கு? இஞ்சின் ஓடும்போது மேனிபோல்டு சேருற இடத்துல கார்ப் கிளீனர் (கார்ப்பரேட்டர் கழுவுற ஸ்பிரே) அடி. ஆர்பிஎம் ஏறினா அங்கதான் ஓட்டை. முடிஞ்சுது சோலி.

நாஞ்சில்_ஸ்பேனர்
கார்ப் கிளீனர் தீப்பிடிக்கிற சாதனம் ஓய். எக்ஸாஸ்ட் கொதிச்சுக் கிடக்கும்போது அதுமேல தூறல் பட்டா பானட்டுக்கு அடியில தீபாவளிதான். ஓடுற இஞ்சின்ல வெறும் தண்ணி போதும். சலூன்ல வச்சிருக்கிற ஸ்பிரே பாட்டில்ல எடுத்து, பிளக் வயர்லயும் கனெக்டர்லயும் படாம, கேஸ்கெட் ஓரமா மட்டும் அடிங்க. ஓட்டை உண்டும்னா தண்ணி ஒரு நொடி அதை அடைக்கும், ஐடிலிங் சத்தம் மாறும். காதுக்கே தெரியும்.

இரணியல்_டீச்சர்
நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவ. கணவருக்கு ஒரு பழைய எஸ்டீம் உண்டு, அதனால இதுல கொஞ்சம் தலையை விட்டிருக்கேன். உங்க மூணு அறிகுறியையும் ஒரே கேஸ்கெட் எப்படிக் கொண்டு வரும்னு சொல்லிப் பாக்கிறேன்.

ஜென் மாதிரி பழைய மாருதிகள்ல மேனிபோல்டு அலுமினிய வார்ப்பு. அதுக்குள்ள காத்து போற வழியோட கூலண்ட் போற வழியும் உண்டு. தெர்மோஸ்டாட்டே மேனிபோல்டுலதான் உக்காந்திருக்கும். ரெண்டு வழிக்கும் நடுவுல இருக்கிறது கேஸ்கெட்டோட ஒரு சின்னப் பட்டை. அது அரிச்சுப் போச்சுன்னா கூலண்ட் போர்ட்டுக்குள்ள (சிலிண்டருக்குக் காத்து போற துளை) கசியும். நீங்க வண்டியை நிறுத்தின பிறகு இஞ்சின் சூட்டுல கூலண்ட் சிஸ்டத்துல அழுத்தம் கொஞ்ச நேரம் நிக்கும். அந்த அழுத்தம்தான் சொட்டுச் சொட்டா உள்ள தள்ளுது. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் அது ஆவியாகி வெள்ளைப் புகையா வெளிய வரும். வெளியே ஒழுகாததுக்கும் காரணம் அதுதான்.

ஐடிலிங் விஷயம் இன்னும் சுவாரசியம். எல்லாரும் "காத்து லீக்குன்னா லீன் ஆகும் (காத்து கூடி பெட்ரோல் பத்தாது), இஞ்சின் அணைஞ்சு போகும்"னு ஒரே அடியா சொல்லிருவாங்க. உள்ள போற காத்தை அளக்கிற ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டிக்கு அது சரி. ஜென்ல அது கிடையாது. மேனிபோல்டுக்குள்ள இருக்கிற அழுத்தத்தை ஒரு சென்சார் பாத்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கேஸ்கெட் வழியா காத்து புகுந்தா அழுத்தம் ஏறும், கம்ப்யூட்டர் காத்து கூடிருச்சுன்னு பெட்ரோலையும் கூட்டும், ஐடிலிங் ஏறும். உடனே ஐடில் வால்வை மூடி இறக்கப் பாக்கும். இந்த ஏத்த இறக்கம்தான் உங்களுக்குக் கேக்கிறது. கூட்டின பெட்ரோல் நாலு சிலிண்டருக்கும் சமமாப் போகும், ஓட்டைக் காத்து மட்டும் பக்கத்துல இருக்கிற சிலிண்டருக்குத்தான் அதிகம் போகும். அது லீன் ஆகி மிஸ் அடிக்கும், மத்த மூணும் ரிச்சா, பெட்ரோல் கூடி ஓடும்.

ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா மேனிபோல்டுக்குள்ள வேக்கம் (உறிஞ்சுற வெற்றிடம்) குறையும், உறிஞ்சுற வேகமும் குறையும். திராட்டில் வழியா வர்ற காத்தோட ஒப்பிட்டா ஓட்டைக் காத்து ஒண்ணுமே இல்லன்னு ஆயிரும். ரோட்டுல குறை தெரியாததுக்குக் காரணம் இது.

தக்கலை_அண்ணாச்சி
டீச்சர் சொன்னது கொள்ளாம். கூட ஒண்ணு. வேக்கம் கேஜ் கிடைச்சா மேனிபோல்டு நிப்பிள்ல மாட்டிப் பாருங்க. நம்ம மாதிரி கடல்மட்டத்துல இருக்கிற ஊர்ல நல்ல இஞ்சின் ஐடிலிங்குல பாதரசக் கணக்குல 18 முதல் 21 அங்குலம் காட்டும். முள்ளு ஆடாம, ஆனா தாழ்ந்தே நின்னா மேனிபோல்டு லீக்குன்னு சந்தேகப்படலாம், இல்லன்னா டைமிங் பின்னால கிடக்கும் (ஸ்பார்க் பிந்தி அடிக்கும்). நான் கார்ப்பரேட்டர் காலத்துல இருந்து இந்தக் கேஜை வச்சுத்தான் பிழைச்சேன். இப்ப உள்ள பயலுவ ஸ்கேனர் இல்லன்னா கையைக் கட்டிட்டு நிக்கான்.

குளச்சல்_ஜென்
பாத்துட்டேன். குமிழி இல்ல. கம்ப்ரஷன் நாலும் கிட்டக்கிட்டத்தான். ஓரத்து சிலிண்டர் பிளக் மட்டும் வெள்ளையா, பளிச்சுன்னு இருக்கு, மத்த மூணும் கரி. தண்ணி அடிச்சப்போ அதே ஓரத்துல சத்தம் மாறிச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா கேஸ்கெட்டுக்கு அடியில பச்சையும் வெள்ளையுமா உப்புப் பூத்த மாதிரி ஒரு கோடு கிடக்கு. அப்ப இதுதானே?

நாஞ்சில்_ஸ்பேனர்
இதேதான். இனி கழத்தலாம். ஒரு எச்சரிக்கை: காலையில புகை ரொம்ப வர்ற வண்டின்னா, செல்ஃப் அடிக்கதுக்கு முன்ன பிளக்கைக் கழத்தி ரெண்டு சுத்து விடுங்க. சிலிண்டர்ல தண்ணி நிறைஞ்சு கிடந்து பிஸ்டன் ஏறினா கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். அப்ப ஓர்க்‌ஷாப்காரர் சொன்ன இஞ்சின் வேலை நிஜமாவே வந்துரும்.

வேலைக்கு வருவோம். இஞ்சின் முழுசா ஆறணும். பெட்ரோல் பிரஷரை முதல்ல இறக்கணும்: ஃபியூயல் பம்ப் ரிலேயைப் பிடுங்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, லைன்ல இருக்கிறதைக் குடிச்சுட்டு அதுவே அணையும். இன்னும் ரெண்டு தடவை செல்ஃப் அடிச்சுட்டு பேட்டரி நெகட்டிவைக் கழத்துங்க. அப்பவும் லைன்ல கொஞ்சம் நிக்கும், அதனால ஃபியூயல் ஓஸை இளக்கும்போது துணி சுத்திப் பிடிங்க. கூலண்டை வடிச்சுருங்க. வடிக்காம மேனிபோல்டை அசைச்சா மிச்சத் தண்ணி அப்படியே போர்ட் வழியா சிலிண்டருக்குள்ள போகும்.

ஏர் ஃபில்டர் டப்பா, ஆக்ஸிலரேட்டர் கேபிள், திராட்டில் பாடி கனெக்டர்கள், பிரேக் பூஸ்டருக்குப் போற தடிச்ச வேக்கம் ஓஸ், இஞ்செக்டர் கனெக்டர், கூலண்ட் ஓஸ்கள், இதெல்லாம் வரிசையா வரும். ஒவ்வொண்ணையும் கழத்தும்போது போன்ல போட்டோ எடுங்க. சின்ன வேக்கம் ஓஸ் ஒண்ணை மாத்திச் சொருகினா கேஸ்கெட் புதுசா இருந்தும் ஐடிலிங் ஆடும், நீங்க கேஸ்கெட்டையே சந்தேகப்பட்டுட்டு இருப்பீங்க.

மேனிபோல்டுக்கு அடியில ஒரு தாங்கு பிராக்கெட் உண்டு, பிளாக்கோட சேந்தது. மேல இருக்கிற எல்லா நட்டையும் எடுத்த பிறகும் சாமான் அசையலன்னா, அதை மறந்திருக்கீங்கன்னு அர்த்தம். கம்பி விட்டு நெம்பாதீங்க, அலுமினிய முகம் கீறிப் போகும்.

ஆரல்_காத்து
எங்க பக்கம் ஆள் யாராவது இதைப் படிச்சா: ஆடி மாசக் காத்துல முற்றத்துல வச்சு இதைச் செய்யாதீங்க. முப்பந்தல் காத்தாடியைச் சுத்துற அதே காத்து மண்ணை வாரிக் கொண்டாந்து திறந்து கிடக்கிற போர்ட்டுக்குள்ள போடும். வால்வு சீட்டுல மணல் உக்காந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம். ஷெட்டுக்குள்ள வச்சுச் செய்யுங்க. மேனிபோல்டு வெளிய வந்த அடுத்த நொடி ஒவ்வொரு போர்ட்டுலயும் நூல் பிரியாத துணியைத் திணிங்க. துணியோட ஒரு முனை வெளிய தொங்கணும். எத்தனை துணி வச்சீங்களோ அத்தனையும் திரும்ப வந்துச்சான்னு எண்ணிட்டுத்தான் மூடணும்.

குளச்சலுக்கும் இது உண்டு. கடல் காத்துல மணல் கம்மி, ஆனா உப்பு இருக்கே.

தக்கலை_அண்ணாச்சி
உப்புன்னு சொன்னதும் ஞாபகம் வருது. இந்த வேலையில கேஸ்கெட் மாத்துறது ஒண்ணுமே இல்ல. ஸ்டட்டுதான் வேலை, அதாவது ஹெட்டுல முறுக்கி நிக்கிற தலையில்லாத போல்ட்டு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி வண்டின்னாலே எனக்குத் தெரியும், நட்டும் ஸ்டட்டும் ஒண்ணாப் பிடிச்சுக் கெடக்கும். இரும்பு ஸ்டட்டு, அலுமினிய ஹெட்டு, நடுவுல உப்பு ஈரம். பலத்தைக் காட்டினா ஸ்டட்டு ஹெட்டுக்குள்ள ஒடியும். பிறகு டிரில் போட்டு, ஒடிஞ்சதைப் பிடுங்குற ஈஸி அவுட் விட்டு, அதுவும் உள்ள ஒடிஞ்சு, ஹெட்டைக் கழத்தி லேத்துக்குத் தூக்கிட்டு ஓடணும்.

முந்தின நாள் சாயங்காலமே ஒவ்வொரு நட்டுலயும் துருவை இளக்குற எண்ணெய் விட்டு வையுங்க. காலையில மறுபடியும் விடுங்க. 12 நம்பர் ஆறு மூலை ரிங் ஸ்பேனர், இல்லன்னா ஆறு மூலை பாக்ஸ்தான். பன்னிரண்டு மூலை பாக்ஸ் துருப்பிடிச்ச நட்டை உருட்டிரும். முதல்ல முறுக்கிற பக்கமா ஒரு நூல் தள்ளுங்க, "டிக்"குன்னு ஒரு சத்தம் வரும், பிறகு அவுக்கிற பக்கம். கால் சுத்து அவுத்து, எண்ணெய் விட்டு, திரும்ப உள்ள கொண்டு போய், மறுபடியும் அவுக்கணும். கனமா இழுக்குதுன்னா அங்கேயே நிறுத்துங்க. அவுக்கும்போது ரெண்டு ஓரத்துல இருந்து நடுவுக்கு வாங்க, ஒரே நட்டை ஒரேயடியா முழுசா எடுக்காண்டாம்.

கீழ் வரிசை நட்டு கண்ணுக்குத் தெரியாது. கையைக் கொடுத்து விரல்ல தடவித்தான் ஸ்பேனரை உக்கார வைக்கணும். உக்காந்துச்சான்னு சந்தேகம் இருந்தா இழுக்காதீங்க.

மார்த்தாண்டம்75
கேஸ்கெட்டுக்கு எதுக்கு அலையணும்? எங்க வீட்டுல ரப்பர் தோட்டம். புகை போட்ட ஷீட்டு கட்டுக் கட்டா கெடக்கு. ஒண்ணை எடுத்து மேனிபோல்டு அளவுக்கு வெட்டி வச்சா என்ன? ஊரு ரப்பர், உலகத் தரம்.

இரணியல்_டீச்சர்
மோட்டார் பம்புல தண்ணிக்கு வைக்கலாம் தம்பி. இங்க கூடாது. இயற்கை ரப்பர் பெட்ரோலையும் எண்ணெயையும் குடிச்சு ஊதும், பிறகு கொழகொழன்னு ஆயிரும். பெட்ரோல் படுற இடத்துக்கு நைட்ரைல் ரப்பர் வேணும், அதைவிட நல்லது 'விட்டான்' (Viton) ரப்பர். இஞ்செக்டர் ஓ-ரிங் வாங்கும்போதும் இதைக் கேட்டே வாங்குங்க. இப்ப பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது 2023 பிப்ரவரியில வந்தது, 2002 வண்டியோட ரப்பர் சாமானை அதுக்காகச் செஞ்சிருக்க மாட்டாங்க.

தக்கலை_அண்ணாச்சி
கேஸ்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் லேசா செல்லாக் தடவி வச்சா ஜென்மத்துக்கும் கசியாது. நாங்க மாருதி 800 காலத்துல அப்படித்தான் வச்சோம்.

இரணியல்_டீச்சர்
அண்ணாச்சி, கோவிக்காண்டாம். மரவேலைக்காரர் பாலிஷ் போட செல்லாக்கை எதுல கரைக்காரு? ஸ்பிரிட்டுல. எத்தனாலும் அதே ஜாதிதான். அன்னைக்கு பெட்ரோல்ல அது கிடையாது, அதனால உங்களுக்கு நின்னுச்சு. இன்னைக்கு போர்ட் ஓரத்துல தடவினா கரைஞ்சு போகும்.

தக்கலை_அண்ணாச்சி
இது நியாயம். ஒத்துக்கிடுகேன். அப்ப சிலிக்கான் பேஸ்ட்?

நாஞ்சில்_ஸ்பேனர்
அதுவும் வேண்டாம் அண்ணாச்சி. சாதா சிலிக்கான் பெட்ரோலுக்குத் தாங்காது. அதை விடப் பெரிய தொல்லை, முறுக்கும்போது உள்பக்கமா பிதுங்கி நிக்கிற துண்டு. ஒண்ணு போர்ட்டுக்குள்ள விழும், இல்ல கூலண்ட் வழியா போய் ரேடியேட்டர் குழாயில அடைக்கும். முகம் சுத்தமா, சமமா இருந்தா புது கேஸ்கெட்டை உலர்ந்தபடியே வச்சா போதும். சமமா இல்லன்னா எந்தப் பேஸ்ட்டும் காப்பாத்தாது.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர், இல்லன்னா கட்டை மூங்கில் சீவல். கிரைண்டர்ல வட்டு மாட்டித் தேய்க்கிற வேலையே கூடாது, அலுமினியத்துல குழி விழும், அந்தப் பொடியும் உள்ள போகும். பிறகு ஸ்டீல் ஸ்கேலை முகத்து மேல நேராவும் குறுக்காவும் வச்சு, அடியில 0.1 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழையுதான்னு பாருங்க. நுழைஞ்சா லேத்துக்குக் கொடுத்து முகத்தைத் தட்டையாக்கணும். கூலண்ட் வழி ஓரத்துல அரிப்புக் குழி இருக்கான்னு தனியாப் பாருங்க. அந்த மேனிபோல்டுக்கு அங்கதான் நோய்.

மாட்டும்போது நடு நட்டுல தொடங்கி ரெண்டு ஓரத்துக்கும் மாறி மாறிப் போங்க. எல்லாத்தையும் முதல்ல கையால, பிறகு பாதி முறுக்கு, பிறகு முழு முறுக்கு. 8 மில்லி ஸ்டட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் பக்கம், நம்ம கணக்குல 2 கிலோ. உங்க இஞ்சினுக்கான எண் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், அதையே வையுங்க. ஸ்டட்டுக்கு காப்பர் கிரீஸ் போட்டா வழுக்கும், அதே எண்ணுக்கு இறுக்கம் கூடிரும், அதனால கொஞ்சம் குறைச்சு முறுக்கணும். நீள ஸ்பேனரும் தோள் பலமும் வச்சு இதைச் செய்யாதீங்க. முறுக்கு அளவைக் காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லன்னா யார்கிட்டயாவது இரவல் வாங்குங்க.

குளச்சல்_ஜென்
முடிச்சாச்சு. ஒரு ஸ்டட்டு நட்டோட சேந்து ஹெட்டுல இருந்தே கழண்டு வந்துச்சு, ஒடியல, புண்ணியம். ரெண்டு நட்டை ஒண்ணோட ஒண்ணு பூட்டிப் புது ஸ்டட்டை உள்ள ஏத்தினேன். மத்தது எல்லாம் அண்ணாச்சி சொன்ன "டிக்" சத்தத்தோட வந்துருச்சு.

பழைய கேஸ்கெட்டைக் கையில எடுத்துப் பாத்தேன். ஓரத்துப் போர்ட்டுக்கும் தண்ணி வழிக்கும் நடுவுல உள்ள பட்டை நகத்தால தொட்டதும் பொடிப்பொடியா உதிருது. அந்தப் போர்ட்டு மட்டும் உள்ளே கழுவின மாதிரி வெள்ளை, மத்த மூணுலயும் கரி. மேனிபோல்டு முகத்துல 0.1 நுழையல. அரிப்பு லேசா இருக்கு, கேஸ்கெட் உக்காருற இடம் வரைக்கும் வரல.

இப்ப ஐடிலிங் ஒரே சீரா நிக்குது. இரவல் கேஜ்ல 19 காட்டுது. காலையில புகை இல்ல. ரெண்டு கேள்வி: கூலண்டுக்கு வீட்டுக் கிணத்துத் தண்ணி கலக்கலாமா? சூடாகி ஆறின பிறகு நட்டை மறுபடியும் முறுக்கணுமா?

நாஞ்சில்_ஸ்பேனர்
குளச்சல் கிணத்துத் தண்ணியா! அந்த மேனிபோல்டை அரிச்சதே அந்த மாதிரி தண்ணியாத்தான் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் கேன்ல கிடைக்குது, அதுல கூலண்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு ஓட விட்டு, காத்தை வெளிய விடுங்க. இறங்க இறங்க நிரப்புங்க. ரெண்டு மூணு நாள் காலையில மூடியைத் திறந்து அளவு பாருங்க.

நட்டை சூட்டுல தொடாதீங்க. ஓட்டிட்டு வந்து, ராத்திரி முழுக்க ஆறின பிறகு, அதே டார்க்ல அதே வரிசையில ஒரு தடவை பாருங்க. ரெஞ்ச் உடனே "கிளிக்" அடிச்சா விட்டுருங்க. நகந்தா அந்த எண் வரை மட்டும்.

ஆரல்_காத்து
எனக்க ஆம்னியிலயும் இதே மாதிரி ஐடிலிங் ஆடுது. அதுக்கும் இதே முறைதானா?

தக்கலை_அண்ணாச்சி
முறை இதேதான். ஆனா இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில, நிமிந்து நின்னு செய்ய முடியாது, குனிஞ்சே முதுகு போயிரும். முதல்ல தண்ணி ஸ்பிரே அடிச்சுப் பாத்துட்டு, தனித் தலைப்புல போடுங்க மக்கா. அங்க பேசுவோம்.